கட்டிங் மாஸ்டருக்கு வெச்ச பை

பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்ல ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்காங்க. நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியோடதுதான். ஒரு பொண்ணோட வயித்தை மட்டும் படம் புடிச்சுப் போட்டு, "தழும்பே தெரியாது, மூன்றே நாளில் வீடு"ன்னு எழுதியிருக்குது. அந்தப் பொண்ணுக்கு என்ன நோய்னு எழுதலை. ஒரு நோயும் இருக்கிறாப்ல தெரியவும் இல்லை. காய்கறிப் பையோட அதையே பார்த்துட்டு நின்னு, வந்த பஸ்ஸை விட்டுட்டேன். எரிச்சல்னா அப்படி ஒரு எரிச்சல்.

அடுத்த நாளே ஆபரேஷன் தியேட்டர் நர்சுப் புள்ளைக போன் பண்ணுச்சுக. புதுசா ரோபோ மெசின் வரப்போகுதாம். டாக்டர் ஒரு மூலையில உக்காந்துட்டுக் கைப்பிடியை ஆட்டுனாப் போதுமாம். "அக்கா, ஆண்டு விழா மலருக்கு நீங்க ஒண்ணு எழுதிக் குடுங்க. ஓட்டை போட்டுப் பண்ற ஆபரேஷன் நம்ம ஆஸ்பத்திரிக்கு வந்த கதை. நல்லதா, படிச்சாச் சந்தோசப்படறாப்ல எழுதுங்க"ன்னு ஒருத்தி கேட்டா. சந்தோசமா எழுத வேற ஆளைப் பாருன்னேன். விடலை. சரி, எழுதிட்டேன். போடறதும் போடாததும் உங்க இஷ்டம், கண்ணுகளா.

நான் குண்டடத்துக்காரி. தோட்டம் இருந்துச்சு, கிணத்துல தண்ணி இல்லை. கோயமுத்தூர்ல நர்சிங் படிச்சேன், திருப்பூருக்கு வந்தேன், ஆபரேஷன் தியேட்டருக்குள்ள போட்டாங்க, வெளிய வந்தப்பத் தலை நரைச்சிருந்துச்சு. என் படிப்பைப் பத்திச் சொல்ல அவ்வளவுதான் இருக்குது.

எங்க பெரிய டாக்டரைப் பத்தித்தான் சொல்லோணும். அவரு கத்த மாட்டாரு. கத்திரிக்கோலைத் தூக்கி எறியற டாக்டருங்ககிட்டயும் நான் நின்னிருக்கேன், அவங்களைச் சமாளிச்சரலாம். இவருக்குக் கோவம் வந்தா மரியாதை கூடும். சாதாரண நாள்ல "சிஸ்டர், அதைக் குடுங்க"ம்பாரு. கோவத்துல "ஏனுங்க சிஸ்டருங்க, அதைக் கொஞ்சம் குடுக்கறீங்களாங்க"ம்பாரு. இத்தனை "ங்க" சேந்து வந்துச்சுன்னா தியேட்டர்ல ஒருத்தரும் மூச்சு விட மாட்டோம். ஆபரேஷன் நடுவுல போனை எடுத்துப் பேசுன ஒரு டாக்டரைப் பாத்து, "வெளிய நல்லா உக்காந்து பேசி முடிச்சுட்டு வாங்களேனுங்க"ன்னாரு. அந்தாளு அதுக்கப்புறம் போனை உள்ளுக்கே கொண்டாரலை.

ஓட்டை ஆபரேஷன் கத்துக்க அவரு வடக்கே போயிக் கொஞ்ச நாள் நின்னுட்டு வந்தாரு. வந்த உடனே ஆள் மேல கை வெக்கலை. எக்ஸ்போர்ட்டுக்குத் துணி போடற அட்டைப் பெட்டி ஒண்ணைக் கொண்டாந்து, மூடியில ஓட்டை போட்டு, உள்ளுக்குள்ள கேமராவைக் கட்டி, டீவியைப் பாத்துக்கிட்டே நீளக் கம்பியில ஊசியைப் புடிச்சுத் தெச்சாரு. தெச்சது பனியனுக்கு வெக்கற ரிப் துணியை. அது குழாயாவே பின்னி வரும், குடல் தடிமனுக்கு இருக்கும், இழுத்தா நீளும். ரெண்டு குழாயை முனையோட முனை சேத்துத் தெக்கறதுதான் அவருக்குப் பாடம். கோணலாப் போனாப் பிரிச்சுட்டு மறுபடியும் தெப்பாரு. கம்பெனி கம்பெனியா ஏறி இறங்கி வேஸ்ட் துணி வாங்கியாந்தது நான். "ஏனுங்க டாக்டர், பனியன் கம்பெனியில சேந்திருந்தா இந்நேரம் சூப்பர்வைசர் ஆயிருக்கலாமே"ன்னு ஒரு நாள் கேட்டேன். சிரிக்கவே இல்லை, ஊசியில நூலைக் கோத்துக் குடுங்கன்னாரு.

முன்னால எல்லாம் குடல்ல கேன்சர்னா நெஞ்சுக்குழியில இருந்து அடிவயிறு வரைக்கும் கிழிப்போம். ஓட்டை ஆபரேஷன்ல வயித்துக்குள்ள காத்தை ஏத்தி, தொப்புள்கிட்ட ஒரு ஓட்டை கேமராவுக்கு, சுத்தி இன்னும் சில ஓட்டை கம்பிகளுக்கு. பெரிய விளக்கை அணைச்சுட்டு எல்லாருமே டீவியைத்தான் பாக்கோணும். குடலுக்கு வர்ற ரத்தக் குழாயை வேர்லயே கட்டி வெட்டி, பின்னாலிருக்கிற கொழுப்பு உறை கிழியாம இடுப்புக் குழி வரைக்கும் இறங்குவாரு. உறை கிழிஞ்சா நோய் உள்ளயே தங்கிரும். அந்த நேரத்துல அவரு ஒரு பேச்சுப் பேச மாட்டாரு. கட்டி இருக்கற துண்டை அடிவயித்துல சின்னதா ஒரு கீறல் போட்டு வெளிய எடுத்துட்டு, மிச்சக் குடல் ரெண்டையும் கீழ இருந்து விடற ஸ்டேப்ளரால சேப்பாரு. அந்த ஸ்டேப்ளருக்குள்ள ரெண்டு சதை வளையம் மாட்டிட்டு வரும். அதை வாங்கி வெளிச்சத்துல புடிச்சுச் சுத்திச் சுத்திப் பாப்பாரு. ரெண்டும் முழு வட்டமா இருந்தாத்தான் சேர்மானம் முழுசுன்னு அர்த்தம். அப்புறம் இடுப்புக் குழியில தண்ணியை ஊத்தி, கீழ இருந்து குடலுக்குள்ள காத்தை அடிச்சு, குமிழி வருதான்னு பாக்கறது. சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் பாக்கறோமே, அதேதான்.

இத்தனையும் பண்ணி முடிச்சா வெளிய நாலஞ்சு பிளாஸ்திரி, அடியில விரல் நீளத்துக்கு ஒரு தையல். எனக்கு அதுதான் பயம். பெருசாக் கிழிச்சிருந்தா ஆளு ஆறு மாசத்துக்கு வயித்தைப் புடிச்சுட்டு நடப்பான், சொந்தம், ஒறம்பரையும் பாத்துப் பதமா நடத்தும். இதுல உள்ள நடந்தது அத்தனையும் மறைஞ்சு போயிருது. ஓட்டை சின்னதுன்னா நோயும் சின்னதுன்னு நெனைச்சுக்கறாங்க.

தண்டபாணி அப்படி நெனைச்ச ஆள்தான். ராயபுரத்துக்காரரு, தறிக்காரக் குடும்பம், தறி போயிப் பனியனுக்கு மாறுனவங்க. ஒரு கம்பெனியில கட்டிங் மாஸ்டர். அடுக்கி வெச்ச துணியில கத்தியை விட்டாருன்னா அடியில இருக்கிற பீசுக்கும் மேல இருக்கிற பீசுக்கும் மயிரிழை வித்தியாசம் இருக்காதுன்னு கூட வந்தவங்க சொன்னாங்க. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கற அவங்க தெருக் காவடிக் கூட்டத்துல முன்னால நிக்கறவரும் அவருதான். அவங்கப்பா தூக்குன காவடி. பொறுப்பு கைக்கு வந்ததுல இருந்து ஒரு பூசம் தவறுனதில்லை.

மலத்துல ரத்தம் போனா நம்ம ஊர்ல அதுக்கு ஒரே பேருதான், சூடு. நாள் பூரா நின்னுட்டே வேலை, டீயும் புரோட்டாவும், சூடு ஏறாம என்ன பண்ணும். மோரையும் சின்ன வெங்காயத்தையும் வெச்சு ஒரு வருசத்தை ஓட்டியிருக்காரு. தொப்புள்ல வெளக்கெண்ணெய் வேற. அப்புறம் மூலம்னு யாரோ மருந்து குடுத்திருக்காங்க. தும்பை விட்டுட்டு வாலைப் புடிக்கறதுல நம்ம சனத்தை அடிச்சுக்க ஆளில்லை. எங்ககிட்ட வந்தப்ப ஆசனவாய்க்கு மேல, விரலுக்கு எட்டற இடத்துல கட்டி. கோயமுத்தூருக்கு அனுப்பி, மருந்தும் கரண்டும், அதான் ரேடியேஷன், வெச்சு, கட்டியைச் சுருக்கிக் கொண்டு வந்தோம். கரண்டு வெச்சு முடிச்சு வந்தப்பச் சட்டை அவரு மேல தொங்குச்சு.

ஆபரேஷனுக்கு முன்னால டாக்டர் அவரையும் ஊட்டுக்காரி மரகதத்தையும் உக்கார வெச்சுச் சொன்னாரு. மரகதம் ஓவர்லாக் மெசின் ஓட்டற பொம்பளை, அதிகம் பேசாது. டாக்டர் மேசை டிராயர்ல இருந்து அந்த ரிப் துணிக் குழாயை எடுத்து வெச்சாரு.

"இந்த எடம் கெட்டுப் போச்சுங்க. இதை வெட்டி எடுத்துட்டு, இதையும் இதையும் சேத்துருவோம். சேத்த எடம் ஆறற வரைக்கும் அது வழியா மலம் போகக் கூடாது. அதனால மேல சிறுகுடல்ல ஒரு எடத்தை வயித்துக்கு வெளிய இழுத்து, அதுல ஒரு பை ஒட்டிருவோம். ஆறுனதுக்கப்புறம் உள்ள தள்ளி மூடிரலாம்."

தண்டபாணி அந்தத் துணியை வாங்கி இழுத்துப் பாத்தாரு. "சேர்மானம் சரியா இருந்தா இன்னொரு ஓட்டை எதுக்குங்க டாக்டரு? நாங்க தெச்ச பீசு செக்கிங்குல பாசாயிருச்சுன்னா அதுக்கு மேல ஒட்டுப் போட மாட்டோம்."

"துணிக்கு ரத்தம் ஓட வேண்டியதில்லீங்க"ன்னாரு டாக்டர்.

தண்டபாணி துணியை மேசை மேல வெச்சுட்டாரு. ஆனா பை வேண்டாம்னு சொல்றதை விடலை. பையை வயித்துல கட்டிட்டுச் சாமி காரியத்துல எப்படி நிக்கறது, காவடியை எப்படித் தொடறது, அதுதான் அவரு கேள்வி. டாக்டர் பொறுமையாக் கேட்டுட்டு, "உள்ள பாக்காம நான் முடிவு சொல்ல முடியாது. தேவையில்லீன்னா வெக்க மாட்டேன். தேவைப்பட்டா அந்நேரம் நீங்க மயக்கத்துல இருப்பீங்க. யாரைக் கேக்கட்டுங்க?"ன்னாரு.

"எங்கூட்டுக்காரியைக் கேளுங்க"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டாரு. போட்டுட்டு மரகதத்தை ஒரு பார்வை பாத்தாரு. அந்தப் பார்வைக்கு அர்த்தம் எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுது.

பை எந்த எடத்துல வரோணும்னு முந்தின நாளே பேனாவுல குறி வெக்கறது என் வேலை. உக்கார வெச்சு, நிக்க வெச்சு, குனிய வெச்சு, வேட்டி கட்டற எடத்துல படாம, மடிப்பு விழாத எடமாப் பாத்து வெக்கோணும். வெச்சேன். காலைல தியேட்டர்ல துணியை விலக்கிப் பாத்தா குறியைக் காணோம். சோப்புப் போட்டுத் தேச்சுத் தேச்சு அந்த எடமே செவந்து போயிருந்துச்சு. டாக்டர் அதையே கொஞ்ச நேரம் பாத்தாரு.

ஆபரேஷன் நல்லா நடந்துச்சு. உறை கிழியலை, வளையம் ரெண்டும் முழு வட்டம், தண்ணியில ஒரு குமிழி வரலை. நாங்க முகத்தை முகத்தைப் பாத்துக்கிட்டோம். டாக்டர் மட்டும் டீவியை விட்டு நகரலை. அடிக்குடல் வெளிறிப் போய், கரண்டு பட்ட சதைக்கு உண்டான அந்த மங்கல் நிறத்துல இருந்துச்சு. "அந்தம்மாவைக் கூப்பிடுங்க சிஸ்டர்"னாரு.

தியேட்டர்ல இருந்து உறவுக்காரங்களைக் கதவுகிட்டக் கூப்பிட்டு வெட்டி எடுத்ததைக் காட்டறதும், கேக்க வேண்டியதைக் கேக்கறதும் நம்ம வழக்கம். மரகதத்தைக் கூப்பிட்டா, கூடவே தண்டபாணியோட அண்ணனும் வந்து முன்னால நின்னுட்டாரு. "எங்கிட்டச் சொல்லுங்க டாக்டரு, பொம்பளைக்கு என்ன தெரியும்"ங்கறாரு. டாக்டர் கையுறை போட்ட கை ரெண்டையும் நெஞ்சுல சேத்து வெச்சுட்டு, "நீங்க கொஞ்சம் அக்கட்டால நிக்கறீங்களாங்க. நான் அம்மிணியைத்தான் கேக்கோணுங்க"ன்னாரு. அந்தாளு எதுக்குத் தள்ளி நின்னோம்னு தெரியாமயே தள்ளி நின்னாரு.

"அம்மிணி, கட்டியை எடுத்தாச்சு. சேத்தாச்சு. ஒழுகலை. ஆனா கரண்டு வெச்ச குடலு, ஆறும்னு என்னால உறுதி சொல்ல முடியலை. பை வெச்சா, ஆறாமப் போனாலும் உசுரு போகாம பாத்துக்கலாம். வெக்காம விட்டு, ஆறாமப் போயிட்டா, சிரமம். உங்களைக் கேக்கச் சொல்லிட்டுப் படுத்திருக்காரு."

மரகதம் உள்ளங்கையைப் பாத்துட்டே நின்னுச்சு. "இந்தக் கையில அடிச்சுச் சத்தியம் வாங்கியிருக்காருங்க. பழனியாண்டவன் மேல. வேண்டாம்னுதான் சொல்லோணும்னு."

மரகதம் கையை மடக்கிட்டு டாக்டரை நிமிந்து பாத்துச்சு.

"உங்கூட்டு ஆளா இருந்தா வெப்பீங்களாங்க?"

"வெப்பேன்."

"அப்ப வைங்க"ன்னுச்சு. அப்புறம் என் பக்கம் திரும்பி, "கண்ணு முழிச்சா நான்தான் சொன்னேன்னு நானே சொல்லிக்கறேனுங்க சிஸ்டர். நீங்க யாரும் முந்திச் சொல்லீராதீங்க"ன்னுச்சு. சொன்னபடியே சொல்லியும் போட்டுது. தண்டபாணி வேட்டியை விலக்கிப் பையைப் பாத்தாரு, அதைக் கேட்டாரு, சொவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டாரு. அன்னையில இருந்து அவரு மரகதத்துகிட்ட ஒரு வார்த்தை பேசலை. தண்ணி வேணும்னா சொவத்தைப் பாத்துத் "தண்ணி"ம்பாரு. அது எடுத்துக் குடுக்கும்.

ஒறம்பரை பாக்க வந்துச்சு. "என்ன மாப்ள, ஆபரேஷன்னாங்க, ஒண்ணையும் காணோம்"னு பிளாஸ்திரியைப் பாத்துட்டு, அடுத்தாப்ல கண்ணு பைக்குத்தான் போகும். நோயை எடுத்தது ஒருத்தர் கண்ணுக்கும் தெரியலை. பை வெச்சது எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுது. அண்ணன்காரரு மூக்கைப் பொத்திட்டே, "இந்தப் பீயோட இனி சாமி காரியத்துக்கு எப்படிடா வருவே"ன்னு வார்டுல வெச்சுக் கேட்டாரு. எனக்குப் பொறுக்கலை. "ஏனுங்க, உங்க வயித்துக்குள்ள மட்டும் சந்தனமாங்க இருக்குது? அவருக்கு வெளிய, உங்களுக்கு உள்ள, அவ்வளவுதான்"னு கேட்டுப் போட்டேன். என் மேல புகார் போச்சு. டாக்டர் கூப்பிட்டு விசாரிச்சாரு. "சொன்னது தப்பாங்க?"ன்னேன். "சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி"ன்னாரு.

அடுத்த சில நாள்ல காச்சல் அடிச்சுது. ஸ்கேன் எடுத்துப் பாத்தா, சேத்த எடத்துல ஒரு ஓரம் விட்டுப் போயி, பக்கத்துல சீழ் கட்டியிருந்துச்சு. பை இருந்ததால வயிறு பூராப் பரவலை. ஒரு குழாயைப் போட்டுச் சீழை எடுத்து, மருந்துலயே சமாளிச்சுட்டோம். மரகதம் அன்னைக்குச் சரின்னு சொல்லாம இருந்திருந்தா ஆளு அந்த வாரமே போயிருப்பாரு. அதை டாக்டரே அவருகிட்டச் சொன்னாரு. "செக்கிங் பாசாச்சுன்னீங்களே"ன்னு மட்டும் கேட்டாரு தண்டபாணி. அவருக்கு அது விளங்கவே இல்லை. வெளிய போற பீசு ஒரு தடவை பாசானாப் பாசானதுதான், மறுபடியும் தானாப் பிரியாது. அப்படிப்பட்ட தொழில்லயே இருந்துட்ட மனுசன்.

பையை ஒட்டறதுக்கு அடியில ஒரு தட்டு இருக்குது. அதுல குடல் அளவுக்கு வட்டமா வெட்டிக்கோணும். பெருசா வெட்டுனாத் தோல் வெந்து போகும். மரகதத்துக்குச் சொல்லிக் குடுத்தேன். மெசின் ஓட்டற கை, கத்திரி பழக்கமில்லை, கோணக் கோணலா வெட்டுச்சு. தோல் புண்ணாகி அவரு பல்லைக் கடிச்சுட்டுக் கெடப்பாரு. ஒரு நாள் அது வெட்டறதைப் பாத்துட்டே இருந்தவரு, வெடுக்குனு கத்திரியைப் புடுங்கி, தட்டைத் திருப்பித் திருப்பி ஒரு வட்டம் வெட்டிக் கட்டில் மேல போட்டாரு. அத்தனை சுத்தமான வட்டத்தை நான் அதுக்கு முந்தியும் பாத்ததில்லை, பிந்தியும் பாத்ததில்லை. அன்னையில இருந்து அவரு வெட்டுவாரு, அது ஒட்டும். ஊட்டுக்குப் போயும் அப்படித்தான்னு மரகதம் சொல்லுச்சு. "பேசறாரா?"ன்னு கேட்டேன். "இல்லீங்க. வெட்டிக் குடுக்கறாரு"ன்னுச்சு.

கீமோ மருந்தெல்லாம் ஒழுங்கா வந்து ஏத்திக்கிட்டாரு. பூசம் நெருங்குச்சு. பையை மூடச் சொல்லி வந்து நின்னாரு. கீழ இருந்து மருந்தை ஏத்தி எக்ஸ்ரே எடுத்துப் பாத்தா, சேத்த எடத்துல இன்னும் ஒரு சந்து மூடலை. அது வழியா மருந்து வெளிய கசிஞ்சுது. டாக்டர் படத்தைக் காட்டி, "இப்ப மூட முடியாதுங்க. ஆறட்டும். பூசம் அடுத்த வருசமும் வரும்"னாரு.

"எனக்கு வருமாங்க?"ன்னாரு தண்டபாணி.

அந்தக் கேள்விக்கு எந்த டாக்டர் பதில் சொல்லுவாரு? இவரும் சொல்லலை. வரும்னு ஒரு பொய்யையாவது சொல்லியிருக்கலாமேன்னு எனக்கு அப்பத் தோணுச்சு, இப்பவும் தோணுது. ஆனா அவரு பொய் சொல்ற ஆளில்லை.

அதுக்கப்புறம் அவரு எங்ககிட்ட வரலை. அண்ணனைக் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயி, எல்லாம் ஆறிப் போச்சு, கசிவெல்லாம் ஒண்ணும் இருந்ததில்லைன்னு அங்க சொல்லி, பையை மூடிட்டு வந்திருக்காரு. அந்த டாக்டரை நான் குத்தம் சொல்ல மாட்டேன். கேட்டதுக்கு நோயாளி சொன்ன பதிலை நம்பியிருக்காரு. மரகதம் எனக்குப் போன் பண்ணி அழுதுச்சு. "எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலீங்க சிஸ்டர். மூடிட்டு வந்து நிக்கறாரு"ன்னுச்சு. காச்சல் வந்தா அந்த நிமிசமே கூட்டிட்டு வரச் சொன்னேன். காச்சல் வந்திருக்குது, மாத்திரையைப் போட்டுக்கிட்டு மறைச்சிருக்காரு. மாலை போட்டாச்சு, காவடி கட்டியாச்சு, இனி யார் சொல்லியும் கேக்கற நெலைமையில அவரு இல்லை.

பூசத்துக்கு நடந்தாங்க. காவடியை அவருதான் தோள்ல வெச்சுட்டு முன்னால போயிருக்காரு. எங்க குண்டடத்தைத் தாண்டறதுக்குள்ள ரோட்டோரமாக் குனிஞ்சு உக்காந்தவரு எந்திரிக்கலை. காவடியைக் கீழ வெக்கக் கூடாதுன்னு பக்கத்துல இருந்தவன் தோளுக்கு மாத்திட்டுத்தான் சாஞ்சாராம். மத்தியானம் எங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தாங்க. காவி வேட்டி, கழுத்துல மாலை, உள்ளங்கால் பூராக் கொப்புளம். வயிறு பலகையாட்டம் இறுகியிருந்துச்சு, தொட்டாக் கத்தக் கூடத் தெம்பில்லை. மலம் வயிறு பூராப் பரவிப் போச்சு.

இனி ஓட்டை ஆபரேஷனுக்கு வேலையில்லை. பெருசாத் தொறக்கோணும், கழுவோணும், குடலைப் பிரிச்சு எடது பக்கம் பை வெக்கோணும். இந்தப் பை மூடற பை இல்லை, கடைசி வரைக்கும் இருக்கும். டாக்டர் தியேட்டர் வாசல்ல டிராலி பக்கத்துல நின்னு மரகதத்துகிட்ட அதைச் சொன்னாரு. சொல்லிட்டு, "வெக்கட்டுங்களா அம்மிணி?"ன்னாரு.

மரகதம் தலையை ஆட்டிருச்சு. "நான் சொல்ல மாட்டேனுங்க. போன தடவை நான் சொன்னேன். இந்நாள் வரைக்கும் என் மூஞ்சியைப் பாத்து ஒரு வார்த்தை பேசலை. அவரையே கேளுங்க. வேண்டாம்னாருன்னா வேண்டாம். எனக்கு இனி தெம்பில்லீங்க."

டாக்டர் குனிஞ்சு தண்டபாணி காதுகிட்டக் கேட்டாரு. கண்ணு மூடியே இருந்துச்சு. ஒதடு காஞ்சு ஒட்டிப் போயிருந்துச்சு. நான் பஞ்சை நனைச்சு ஒதட்டுல வெச்சேன். அதைச் சப்பிட்டுச் சொன்னாரு.

"அவளையே கேளுங்க."

மறுபடியும் மூச்சு வாங்கிட்டு, "அவ சொன்னாச் சரிங்க"ன்னாரு. கண்ணைத் தொறந்து, டாக்டரை விட்டு, என்னை விட்டு, மரகதத்தைத் தேடிப் புடிச்சுப் பாத்தாரு. "சொல்லு அம்மிணி"ன்னாரு.

மரகதம் அவரு கையை எடுத்துத் தன் கையில வெச்சுக்கிச்சு. சத்தியம் பண்ணுன அதே கை. "வைங்க"ன்னுச்சு.

உள்ள என்ன இருந்துச்சுன்னு நான் எழுதப் போறதில்லை. தியேட்டர்ல வேலை செய்யறவங்களுக்குத் தெரியும், மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம். கழுவிக் கழுவி ஊத்துனோம். எடது பக்கம் பை வெச்சோம். ஐசியூவுல மெசின்ல போட்டு, எல்லா மருந்தும் ஏத்துனோம். தலைக்கு மேல போயிட்டா சாண் என்ன, முழம் என்ன. கண்ணு முழிக்காமயே போயிட்டாரு.

டாக்டர் வெளிய வந்து தொப்பியைக் கழட்டிட்டு மரகதத்து முன்னால நின்னாரு. எத்தனையோ பேருக்கு இதைச் சொன்ன மனுசன். "முடியலை, அம்மிணி"ன்னாரு. அதோட திரும்பி உள்ள போயிட்டாரு.

இறந்தவங்களைக் குடுத்தனுப்பறதுக்கு முன்னால ஊசி, குழாய் எல்லாத்தையும் எடுத்துட்டு, தொடைச்சு, ஓட்டைக்கெல்லாம் பஞ்சு வெச்சுக் கட்டோணும். ஐசியூப் புள்ளைக செய்யற வேலை அது. அன்னைக்கு நானே போனேன். மரகதம் பக்கத்துல நின்னுச்சு. அண்ணன்காரரு கதவுக்கு வெளிய நின்னுட்டு, "சிஸ்டரு, ஊட்டுல குளிப்பாட்டி மாலை போடோணும். அந்தப் பையை எடுத்துட்டுக் குடுங்க"ன்னாரு. அந்தக் குரல்ல பழைய அதிகாரம் இல்லை. நானும் எதுத்துப் பேசலை. எப்படியும் எடுக்கறதுதான் முறை. பையில கை வெச்சேன்.

மரகதம் என் மணிக்கட்டைப் புடிச்சுக்கிச்சு.

"இருக்கட்டுங்க. போன பை நான் சத்தியத்தை மீறி வெச்சது. இது அவரு என்னைக் கேட்டு வெச்சது."

சொல்லிட்டு, ஆஸ்பத்திரிக்குன்னு ஊட்டுல எப்பவும் கட்டியே வெச்சிருந்த கூடைக்குள்ள கையை விட்டு ஒரு தட்டையும் பையையும் எடுத்துக் குடுத்துச்சு. பழைய பைக்காக அவரு முன்கூட்டியே வெட்டி வெச்சதுல மிச்சமானது. அதே வட்டம். நான் இருந்ததைக் கழட்டித் தொடைச்சு, அதை ஒட்டுனேன். இந்தத் தடவை வெளிய இழுத்த பெருங்குடலுக்கு அந்த வட்டம் கொஞ்சம் சின்னது, ஆனா இனி அதுல ஒழுக ஒண்ணுமில்லை. காவி வேட்டியை மேல ஏத்திக் கட்டி விட்டேன். வெளிய ஒண்ணும் தெரியலை.